மேட்டு நிறுத்தம்

மார்ச் 3
எங்கள் பொதுச் சைக்கிள் அறக்கட்டளையின் தலைவர் இன்று பத்து மணிக்கு மேட்டுக் குடியிருப்பு நிறுத்தத்தைப் பார்வையிட்டார். அங்கே ஒரு சைக்கிள்கூட இல்லை. "பாத்தியாம்மா? காலியாக் கெடக்கு. இங்க யாரும் ஓட்டுறதில்ல. மூடிடலாம்."

விடியும் முன்பே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள் சார், அதனால்தான் காலி என்றேன். காதில் விழவில்லை. வழித்துச் சாப்பிட்ட தட்டைப் பார்த்து, இங்கே யாருக்கும் பசியில்லை என்கிற மனிதர்.

மார்ச் 5
கூட்டம். காலையில் இறக்கத்தில் வருகிறவர்கள் மாலையில் மிதித்து ஏற முடியாமல் பேருந்தில் திரும்புகிறார்கள். சைக்கிள்களை எங்கள் வேன்தான் மேலே கொண்டுபோகிறது. அது வீண் செலவாம். நன்கொடையாளர்கள் ஏரிக்கரையில் நிறுத்தம் கேட்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை உலாவ. மேட்டு நிறுத்தத்தை மூட எல்லாரும் கை தூக்கினார்கள், நான் மட்டும் இல்லை.

வீட்டில் அக்கா: "கரண்டிய ஏண்டி இந்தப் போடு போடுற? அது என்ன உங்க தலைவரா?"

மார்ச் 10
மேட்டு நிறுத்தத்தில் சைக்கிள்களைப் பூட்டும் கம்பிகளைப் பிடுங்கிவிட்டார்கள். மருத்துவமனையில் தரை துடைக்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு மணி ஷிப்டுக்கு பஸ் கெடையாது. பறந்து போகச் சொல்றியா கண்ணு?"

பத்திக்கிட்டு வருது. என்ன ஜென்மங்கள் இவங்க!

மார்ச் 14
சைக்கிள்கள் திருட்டு என்று அலுவலகத்தில் ஒரே கூச்சல். கம்பியில் பூட்டாத சைக்கிள் கணினிக்குத் திரும்பாத சைக்கிள்தான். மாலையில் மேட்டுக்குப் போனேன். எல்லாம் அங்கேதான் இருந்தன, சுவரில் சாய்ந்து, சொந்தச் சங்கிலி போட்டு. அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள் — நாளெல்லாம் நின்ற கால்களோடு. இவர்களா திருடர்கள்?

மார்ச் 17
கையும் களவுமாகப் பிடிக்கத் தலைவரே வந்தார். வளைவில் நின்றோம். தரை துடைக்கும் அம்மா மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குத் தலைவரைத் தெரியாது.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே சார், பின்னால ஒரு கை குடுங்க!"

கொடுத்தார். பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த அம்மாதான் கொடுத்தார்.

மார்ச் 24
கம்பிகள் திரும்பிவிட்டன. பழைய ஓட்டைகளிலேயே பொருந்தின. வேனும் ஏறுகிறது.

கூட்டத்தில் தலைவர், "மேட்டு நிறுத்தம் என் நெடுநாள் கனவு" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நிறுத்தத்துக்காக.

இரவு சாப்பாடு. நான் உட்காருவதற்கு முன்பே அக்கா கரண்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.