மறதி என்று எழுத மறுத்தவள்

என் தங்க மகளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்கு எனக்குப் பார்வை தெளிந்துவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், பக்கத்து அறையில் உன் தம்பி மனைவிக்குக் கேட்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நம் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு வரி ஆபீசிலிருந்து அபராத நோட்டீஸ் வந்ததைத் தம்பி சொல்லியிருப்பான். இரண்டு காலாண்டுக் கணக்கு நேரத்துக்குப் போகவில்லை. அப்பா போனதிலிருந்து கணக்கு என் பொறுப்பு, யாரையும் தொட விட்டதில்லை, உனக்குத் தெரியும். முதல் தடவை இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து ஆபரேஷன், கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டாவதும் தவறிவிட்டது. வெட்டு மெஷின் வாங்கச் சேர்த்த பணமெல்லாம் அபராதத்துக்கே சரியாகிவிடும் என்று தம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் தள்ளுபடி கேட்டு மனு கொடுக்கலாம் என்று கிளம்பினாள், தம்பி கல்யாணத்தன்றே நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே, அவளேதான். இவள் போய் வாயைத் திறந்தால் அபராதம் இரட்டிப்பாகும் என்று நானும் மனசுக்குள் நினைத்தேன்.

ஆடிட்டர் சுலபமாக ஒரு வழி சொன்னார். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபக மறதின்னு ஒரு வரி எழுதிடுங்க, முழுசும் தள்ளுபடி ஆயிடும் என்றார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சரி என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவன் கவலை அவனுக்கு. அவள் வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கி, கண்ணுல ஆபரேஷன்னு எழுதறேன், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, அத்தை புத்திக்கு ஒண்ணும் ஆகல, அதை என் கையால எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். மாடியில் ஒரு அறை, கிழிந்த ரெக்சின் பெஞ்சு, காகிதம் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டீ கிளாஸ். முதல் கணக்குக்கு ஆபரேஷன் சரி, இரண்டாவதுக்கு என்னம்மா காரணம் என்று அந்த அதிகாரியம்மா கேட்டார். மூச்சு விடாமல் பேசுகிறவள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, அது எங்க தப்புதான் மேடம், காரணம் சொல்ல மாட்டேன், குறைக்க முடிஞ்சா குறைங்க, இல்லன்னா கட்டிடறோம் என்றாள். அந்தம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். முதல் அபராதம் முழுக்கத் தள்ளுபடி, இரண்டாவதில் பாதி. மீதியைக் கட்டியாயிற்று, மெஷின் கொஞ்சம் தள்ளித்தான் வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பெஞ்சில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், அது என் மருமகள் என்று கேட்காமலே சொன்னேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். இரண்டாவது கணக்கு தவறியது கண்ணால் அல்ல. நான் மறந்துதான் போனேன், அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்காமல் விடுகிறேன், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எல்லாவற்றையும் பார்ப்பவள் அவள்தான். ஆடிட்டர் சொன்னது நிஜம் என்று தெரிந்துதான் எழுத மாட்டேன் என்றாள். வீட்டில் ஒருவரிடமும் அவள் மூச்சு விடவில்லை. இப்போது கணக்கு எழுதும்போது நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள், கை வலிக்குதா அத்தை, நான் எழுதறேன்னுதான் ஆரம்பித்தாள்.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை போன் செய்யும்போது முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு, ரேடியோ என்று சொல்லாதே. எனக்கு மறதி என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா