வடக்குப் பார்த்த கதவு

என் பிரியமுள்ள மச்சான்,

மூன்று நாள் விவாதத்துக்குப் பின் நம் திண்டிவனம் அச்சாபீஸ் ஒரு மகத்தான முடிவுக்கு வந்திருக்கிறது. உன் நாவலுக்குப் பச்சை அட்டை. கம்பாசிட்டர் மட்டும் ஊதாதான் வேண்டும் என்றார். அவருடைய எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது.

வெள்ளைக்காரன் போய்விட்டதால் இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்னுரை என் பொறுப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

திவானைக் கொல்லச் சதி செய்யும் ஆறு பேரின் கதை. சமஸ்தானமே கற்பனை என்பதால் போலீஸ் கண்டுகொள்ளாது என்றாய். ஆனால் அவர்கள் ஒளியும் மல்லாட்டைக் கிடங்கு, அந்த வேர்க்கடலை மூட்டைகளின் கிடங்கு, கற்பனை இல்லை. கிளியனூரில், நீயும் நண்பர்களும் வெள்ளைக்காரனுக்கு எதிராக ரகசியமாய்த் துண்டுப் பிரசுரம் அடித்த அதே கிடங்கு. கதவை மட்டும் தெற்கே திருப்பி எழுதியிருந்தாய்.

கடைசி அத்தியாயத்துக்காக நாம் சண்டை போட்டது ஞாபகமிருக்கிறதா? காட்டிக்கொடுத்தவனை ஏன் சுடவில்லை, படிக்கிறவன் சும்மா விடமாட்டானே என்றேன்.

"கொன்னுட்டா அவன் தப்பிச்சிக்குவான் மாப்ளே. நம்பளோட உக்காந்து கூழ் குடிச்சிக்கினு இருக்கணும். அதான் தண்டன" என்றாய்.

அப்போது யுத்த காலமில்லையா, அச்சேறுமுன் இன்ஸ்பெக்டர் புரூஃபைப் பார்க்க வந்தார். ராஜா ராணிக் கதை என்று கொட்டாவி விட்டுக்கொண்டே புரட்டினார். கிடங்கு வந்ததும் ரசித்து உரக்கப் படித்தார். தெற்குப் பார்த்த கதவு, எதிரே இரட்டைப் பனை.

"வடக்குங்க" என்றேன்.

"எந்த ஊர்ல?"

இருபது வருஷம் புரூஃப் பார்த்தவன். பிழையைக் கண்டால் கை நிற்காது. கேட்டால் வாய் நிற்காது. ஊரையும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். உனக்கு ஆள் அனுப்பினேன். போலீஸ் வேன் முந்திக்கொண்டது.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எவன் சொல்லியிருப்பான் மாப்ளே?" என்று கேட்டாய். கடவுளுக்குத்தான் தெரியும் என்றேன். அடுத்த மாதம் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டாய். நிஜமாகவே உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாயா?

உன் தங்கை பாக்கியம் ஊற்றும் கேப்பைக் கூழை ஐந்து வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதமே உன் நாவலுக்கு முன்னுரை. ஒரு வரியும் வெட்டமாட்டேன். இது சத்தியம்.

இதுவரை எழுதியதைக் கோத்து, அச்சுக்குப் போகுமுன் அதன் புரூஃபைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். பகல் ரயிலில் விழுப்புரம் போனாள். அங்கிருந்து கெடாருக்கு, உங்கள் அப்பா வீட்டுக்கு.

இப்படிக்கு,
உன் தங்கையின் புருஷன்