வக்கீலய்யா கடிதத்தில் நான் விட்ட வரி

அக். 27, திங்கள்

காலையில் மூடுபனி. குளிர் காதைக் கடித்தது. குப்பை வண்டி வரும் நாள். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்கிறோமே என்ற உறுத்தலில், வண்டி போனதும் தெரு ஓரம் நின்ற பெரிய குப்பைத் தொட்டியை இழுத்து வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கராஜுக்குள் நிறுத்தினேன். சற்று நேரத்தில் காலிங் பெல். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன், இந்தக் குளிரிலும் அரை டிராயர். "அங்கிள், அது எங்க டஸ்ட்பின்." நம் தொட்டி நிரம்பவில்லை என்று மாப்பிள்ளை இந்த வாரம் வெளியே வைக்கவே இல்லையாம். கராஜில் இரண்டு தொட்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கழுவியதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான் பையன். அதுதான் இன்னும் கேவலம்.

வாணி மாடிப்படியில் நின்று, "அப்பா, அடுத்த வாரம் எதிர் வீட்டு டஸ்ட்பின்னையும் கழுவிடுங்க. அவங்க கோச்சுக்கப் போறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்காக இந்தத் தெருத் தொட்டிகள் அத்தனையும் கழுவலாம்.

டிக்கெட் அடுத்த சனிக்கிழமைக்கு. சரசு போய் வருஷம் திரும்புகிறது, திதிக்கு நான் கரூரில் இருந்தாக வேண்டும். நான் அமெரிக்கா வந்ததே வாணியிடம் அவள் அம்மாவின் கடைசி நாளைச் சொல்லத்தான். கோடையில் வந்தவன், இலையெல்லாம் சிவந்து கொட்டியாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காதவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது.

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை. முட்டித் தைலம். பேத்தி மீராவுக்குப் பூசணிக்காய் (முகம் வெட்டி வாசலில் வைக்க. குழம்புக்கு அல்ல என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள்).

அக். 28, செவ்வாய்

மழை. வாணிக்கு (இனி வா.) வீட்டிலிருந்தே வேலை.

இவள் வேலையை ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டருங்களா?" என்பார்கள். "கம்ப்யூட்டர்லதான்" என்று முடித்துவிடுவேன். விஷயம் இதுதான். இந்த நாடு புதிதாக உண்டான காலத்தில், இதே நியூ ஜெர்சியில் ஒரு வக்கீல். அரசியலிலும் இருந்தவர். பெயர் என் வாயில் நுழைவதில்லை, எனக்கு வக்கீலய்யா. மனுஷன் கை ஓயாமல் கடிதம் எழுதியிருக்கிறார். சட்டசபைக்காரர்களுக்கு, கட்சிக்காரர்களுக்கு, பெண்டாட்டிக்கு, செருப்புத் தைப்பவருக்கு. அதையெல்லாம் தேடிப் பிடித்து, டைப் செய்து, குறிப்புப் போட்டு, புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள்.

டைப் செய்ததைச் சரிபார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கமா, புள்ளி, பெரிய எழுத்து எல்லாம் சொல்லி. மற்றவர் பழைய கடிதத்தின் படத்தைப் பார்த்தபடி கேட்க வேண்டும். வா.வோடு படித்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு, மேலிருந்து வரும் பணம் நின்றதும் வேலை போய்விட்டது. வா. தனியாகப் படித்துத் தனியாகப் பார்த்துத் திணறுகிறாள்.

"ஏன் கண்ணு, அதையே கம்ப்யூட்டர் படிக்காதா?"

"படிக்கும்ப்பா. ஆனா தப்பைத் திருத்திப் படிச்சிடும். அவர் தப்பா எழுதினது தப்பாவே வரணும்."

"அப்ப நான்தான் சரியான ஆள்."

விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் இரண்டாவது தடவை தேறியவன் நான். அப்புறம் லாரி ஆபீஸ் புக்கிங் கிளார்க். அங்கே தேவைப்பட்ட இங்கிலீஷ் 'டோர் டெலிவரி', 'ஹேண்டில் வித் கேர்' இரண்டுதான்.

வா. சொன்ன விதிகள்: இருப்பதை விடக் கூடாது. இல்லாததைச் சேர்க்கக் கூடாது. நடுவில் கருத்துச் சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம்.

முதல் கடிதத்தில் சபையில் இருக்கும் ஒருவனை அயோக்கியன், வாயைத் திறந்தால் பொய் என்று கிழிகிழியென்று கிழிக்கிறார். அடுத்த கடிதம் அந்த அயோக்கியனுக்கே. முடிவில் 'தங்கள் மிகப் பணிவான, கீழ்ப்படிந்த சேவகன்'. எங்கள் மேனேஜருக்கு நான் எழுதிய லீவு லெட்டர் அச்சு அசல் இதேதான். அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "விதி மூணு" என்றாள் வா., திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாப்பிடும்போது, "மீரா கமா ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறேன். "தாத்தா, யூ டோன்ட் ஹாவ் டு சே கமா" என்றது குழந்தை.

அக். 29, புதன்

வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில். தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால்.

இன்று வக்கீலய்யா சபைக் கூட்டத்துக்கு வெளியூர் போய் அங்கிருந்து பெண்டாட்டிக்கு எழுதியவை. முக்கால்வாசி அரசியல். யார் யார் பக்கம், காகிதப் பணம் அடிக்கலாமா கூடாதா. அப்புறம் திடீரென்று, கம்பளிக் காலுறை அனுப்பு, சின்னவனுக்கு இருமல் நின்றதா, ஆப்பிள் அழுகுமுன் விற்றுவிடு.

"அந்தம்மா என்ன பதில் போட்டா?"

"தெரியாதுப்பா. இவர் எழுதினதை அவ பத்திரமா வெச்சிருந்தா. அவ எழுதினதை இவர் வெச்சுக்கல."

ஒரு கடிதத்தில் வீட்டில் இருப்பவை பற்றிக் கணக்குப்போல. பசு, கன்று, ஒரு நீக்ரோப் பெண், சைடர் (ஆப்பிள் கள்) பீப்பாய். பசுவுக்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஒரு பெண், அடிமை. பெயர் இல்லை. நின்றுவிட்டேன்.

"அதையும் படிங்கப்பா. அப்படியேதான் வரணும்."

படித்தேன். கமா சொன்னேன். வக்கீலய்யா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இன்று வெறும் வக்கீல்.

சரசு கடிதம் எழுதினவள் அல்ல. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். "சாப்ட்டியா சாமி, குளுருதா, சரி வெச்சர்றேன்." வைத்துவிடுகிறேன் என்று போனில் பேசுவதுபோல அதிலும் சொல்வாள். எல்லாம் வா. போனில் இருக்கும். கேட்கிறாளோ என்னவோ.

அக். 31, வெள்ளி

பேய் வேஷத்தில் பிள்ளைகள் வீடு வீடாக வந்து மிட்டாய் வாங்கும் நாள். என்னை வாசலில் உட்காரவைத்தார்கள். முதலில் வந்த எலும்புக்கூட்டுக்குக் கிண்ணத்தோடு கொட்டிவிட்டேன். ஒன்றுதான் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பின் வந்த பேய்களுக்குக் கடலை மிட்டாய்.

வா. மீராவைக் கூட்டிக்கொண்டு தெருச் சுற்றப் போனாள். மாப்பிள்ளை பிரசன்னா பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாமா, அத்தைக்கு முடியலைன்னதும் வாணி பெட்டியே கட்டிட்டா. நான்தான் லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னேன்."

தெரிந்ததுதான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். நாட்டை விட்டு வெளியே போனால் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை விழாமல் திரும்பி வர முடியாது, அதற்குத் தூதரகத்தில் தேதி எப்போது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, போகாதீர்கள் என்றார் இவர்கள் வக்கீல்.

"மீரா இங்க, அவ அங்க மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு... தப்பா மாமா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. சரியான முடிவுதான்."

சரியான முடிவுதான். இப்போதும் விசாக் கதை அதேதான், திதிக்கும் வா.வால் வர முடியாது. சரியான முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தகனத்தை வா. போனில் பார்த்தாள். பிடித்திருந்தவன் என் அண்ணன் மகன். நடுவில் அவனை வேறு யாரோ கூப்பிட, படம் நின்றுபோனது. மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த அழைப்பு பந்தல்காரனிடமிருந்து.

நவ. 2, ஞாயிறு

குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். அரசாங்கமே கொடுத்த இனாம் நேரம். என்ன செய்வதென்று தெரியவில்லை, தூங்கினேன்.

கால்வாய் ஓரம் வா.வோடு நடை. இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "அம்மா அன்னிக்கு..." என்று எடுத்தேன்.

"அப்பா, அங்க பாருங்க, மான்."

சும்மா பேச்சை மாற்றுகிறாள் என்று பார்த்தால் நிஜமாகவே மான். இரண்டு. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவை போனபிறகு நான் மறுபடி எடுக்கவில்லை.

நவ. 4, செவ்வாய்

காற்று. ஜன்னல் ஊளையிட்டது. பல் கூச்சம்.

வக்கீல் கதையில் இன்று பனிக்காலம். சபையில் கடன் வாங்கியவர்களைக் காக்க ஒரு சட்டம், ஓட்டுப் போட வேண்டிய நேரம், ஒரு ஆள் குறைந்தாலும் தோற்றுவிடும். வீட்டில் பெண்டாட்டிக்குக் காய்ச்சல். 'ஓட்டு முடிந்ததும் கிளம்புகிறேன்' என்று எழுதுகிறார். பிறகு பார்த்தால் ஓட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள், 'ஓட்டு முடிந்ததும்' என்று மறுபடி. கூடவே பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது.

அடுத்த காகிதம் அவர் கொழுந்தியாள் எழுதியது. அக்காவை அடக்கம் செய்துவிட்டோம் என்று. என் இங்கிலீஷுக்கு முழுசாகப் புரியாது என்பது எப்போதும் எனக்கு ஒரு சௌகரியம். இன்று எல்லாம் புரிந்தது. வாய் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்க, கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. 'காலை' என்ற சொல், 'கேட்டாள்' என்ற சொல். தாண்டி அதற்கடுத்த வரியைப் படித்தேன்.

வா. கை நின்றது.

"அப்பா. ஒரு வரி விட்டுட்டீங்க."

"கண்ணாடி சரியில்ல கண்ணு, வரி குதிக்குது."

"படிங்கப்பா."

"அந்த ஒரு வரி இல்லாட்டி என்ன ஆகப்போவுது. இருநூறு வருசமா யாருக்கும்..."

"அப்பா."

படித்தேன். தமிழில் இப்படி வரும்: அவள் தினமும் காலையில் கமா கோச்சு வண்டி வந்துவிட்டதா என்று கேட்டாள் கமா இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை புள்ளி.

"சரி" என்றாள் வா. திரையைப் பார்த்தே சொன்னாள். "அடுத்தது."

அடுத்தது வக்கீலின் பதில். சட்டம் நிறைவேறிவிட்டது என்று முதல் வரி. இரண்டாவது வரியில் என்னவோ எழுதி, மையைக் கொழகொழவென்று அப்பி அடித்திருக்கிறார். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லையாம். அந்த இடத்தில் 'படிக்க முடியவில்லை' என்று போட வேண்டும். போட்டாள். பாத்ரூம் போய்விட்டு நெடுநேரம் கழித்து வந்தாள். நான் அதற்குள் பயறு ஊறப்போட்டு, மீராவின் ஷூவைத் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

நவ. 5, புதன்

வா. ஆபீஸில் கூட்டம், அங்கே போய்விட்டாள். படிப்பு இல்லை. பணம் குறைவதால் புத்தகத்தைச் சின்னதாக்கச் சொல்கிறார்களாம். அரசியல் கடிதம் போதும், வீட்டுக் கடிதம் வேண்டாம் என்று ஒரு பெரியவர். வா. திரும்பியதும் மாப்பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தது: "கொழுந்தியா லெட்டரை எடுத்தா, என் பேரையும் எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது, அதை வழித்துக்கொண்டிருந்தேன்.

நவ. 7, வெள்ளி

தூறல். நாளைக்குக் கிளம்புவது. பெட்டி எடை கூடுதல். மீராவின் பழைய ஸ்வெட்டர்கள் (அண்ணன் பேரனுக்கு), சாக்லேட், நான் விடாப்பிடியாக எடுத்துப்போகும் காலி ஜாம் பாட்டில்கள். பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தாள் வா.

பெட்டி மூடவில்லை. "நீ ஏறி உக்காரு சாமி, நான் ஜிப்பை இழுக்கறேன்." ஏறி உட்கார்ந்தாள், சின்னப் பிள்ளைபோல. ஜிப் மூடியது. அவள் இறங்கவில்லை.

"அப்பா. அம்மா என்னைக் கேட்டாளா?"

"கேக்காம? தினமும் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துருவான்னு."

தலையை ஆட்டினாள். "கடைசி நாள் ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்ல கண்ணு. சத்தியமா இல்ல. நிம்மதியாத்தான் போனா."

"நான் வராம எப்படிப்பா நிம்மதியா போவா?"

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வாய் திறந்தும்விட்டேன். வந்தது வேறு.

"காலையில ஆஸ்பத்திரிக் கஞ்சியில உப்பில்லைன்னு அந்த வார்டையே ரெண்டாக்கிட்டா. உப்புப் போட்டு ரெண்டு ஸ்பூன் குடிச்சா. அப்புறம் தூங்கினா."

சிரித்தாள். பிறகு அழுதாள், நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக, என் துண்டில் முகத்தை வைத்துக்கொண்டு. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து மீரா, "அம்மா, வேர் ஆர் யூ?" என்று கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சொன்னது அத்தனையும் நிஜம். சொல்லாதது: கஞ்சிக்குப் பிறகு டியூட்டி மாறி ஒரு புது நர்ஸ் பெண் வந்தாள். சரசு அவளைப் பார்த்து, "வந்துட்டியா வாணி" என்றாள். அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வந்துட்டேம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.