தவிட்டுக்குப் போன பெயர்

நவம்பர் 9, ஞாயிறு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பிள்ளை இப்போதுதான் தூங்கினான். நரேஷுக்கு இந்த வாரம் திருபுவனை கம்பெனியில் நைட் ஷிஃப்ட். கல்லூரியில் கணக்குப் போட்டு மிச்சமான பக்கங்கள் இவை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி அவனுக்கு ஒரு வயது. இன்னும் பெயர் வைக்கவில்லை, 'தம்பி' என்கிறோம். நரேஷ் 'தமிழ்க்குமரன்' என்று முடிவு செய்திருக்கிறார். இன்று முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நவம்பர் 12, புதன்

காது நன்றாகக் கேட்கிறதாம். டாக்டர் பின்னாலிருந்து மணியை ஆட்டினார், சட்டென்று திரும்பினான். "பேர சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே இருங்கம்மா, பழகிடுவான்."

எந்தப் பெயரை?

நவம்பர் 15, சனி

விளக்கு வைக்கும் நேரம். அவனைப் படியில் உட்கார வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறான். தூக்கிக்கொள்ள யாராவது குனிந்தால் நீட்டுவானே, அப்படி. சிரிப்பு வேறு.

எதிர்வீடு அமுதக்காவுடையது. புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து அவர் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அத்தையிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே கீழே வைத்தார். "தவிட்ட திருப்பிக் குடுக்கவே இல்லியே, கார்த்தி."

நவம்பர் 17, திங்கள்

எழுதிப் பார்த்தால் பயம் குறையுமா?

என் முதல் குழந்தை ஒன்பது நாள்தான் இருந்தது. அதனால் இவன் பிறந்ததும் அத்தை இவனை முறத்தில் கிடத்தி, ஒரு படி தவிட்டுக்கு அமுதக்காவிடம் விற்றார். பேருக்குத்தான். "எமன் வந்து கேட்டா, அது எங்க புள்ள இல்ல, எதுத்த வூட்டுதுன்னு சொல்லிக்கலாம்." வாங்கினவள் பிள்ளையின் காதில் ஒரு பெயரைச் சொல்வாள். பெற்றவர்கள் அதைக் கேட்கக் கூடாது. ஒரு வயது நிறைவதற்குள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நம் கையில் தந்துவிடுவாள். பிறகு நாம் நம் பெயரை வைக்கலாம்.

பி.எஸ்சி. கணிதம் படித்தவள் நான். முறத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அமுதக்காவும் சிரித்தார். டவுனில் வெளிநாட்டுக்காரர் வீடுகளில் முப்பது வருஷம் பிள்ளை பார்த்தவர். "பதினோரு புள்ளைங்கள வளத்து ஏரோப்ளேன்ல ஏத்தி வுட்டேன்டி. இவன எங்கியும் அனுப்ப மாட்டேன்."

அன்று அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தப் பெயர் அவரோடு போய்விட்டது.

நவம்பர் 20, வியாழன்

எதிர்வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். சுவரில் அவர் வளர்த்த பிள்ளைகளின் பதினோரு போட்டோ. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர்: இத்தாலிப் பையன் லூக்கா, பிரெஞ்சுக்கார தெயோ, ஜப்பான் கென்ஜி, கானா நாட்டு கோஃபி, இல்யா, மூசா... எல்லாமே வாயைத் திறந்தபடி முடிகிற பெயர்கள். அக்கா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது: "குமரன், அரிகரன்னு வெச்சா கடைசில கதவ சாத்துன மாதிரி இருக்குதுடி. பேரு தொறந்து கெடக்கணும். எவ்ளோ தூரம் போனாலும் புள்ள அது வழியா உள்ள வந்துரும்."

பன்னிரண்டாவதாக ஒரு ஃபிரேம். உள்ளே போட்டோ இல்லை. கண்ணாடியில் குங்குமம்.

நவம்பர் 23, ஞாயிறு

போனில் உலகம் முழுக்கத் தேடினேன். ஃபின்லாந்து, ஹவாய், நைஜீரியா, ஈரான். டீமோ. கியானு. எமேக்கா. ரேஸா. எஸ்ரா. நம்மூர் ரவியும் சூர்யாவும்கூட. அவன் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பருப்பு டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தான்.

நரேஷ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னாடி இது, ஐ.நா. சபைல அட்டெண்டன்ஸ் எடுக்கிறியா?"

நானும் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு.

நவம்பர் 29, சனி

அந்தக் காலி ஃபிரேம் யாருக்கு என்று அத்தையிடம் கேட்டேன்.

"அவளுக்கும் ஒண்ணு பொறந்துச்சி. மூணே நாளு. போட்டோ எடுக்க ஏது நேரம்? ராமு, ராமுன்னு தெருவுல நின்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தா. அப்புறந்தான் வேலைக்கிப் போனா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை!"

"அந்தப் பேரையா அவ வெப்பான்னு நான் இன்னாத்த கண்டேன்?"

நவம்பர் 30, ஞாயிறு

சாயங்காலம், அவன் முதுகுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் சொன்னேன். ராமு.

திரும்பினான்.

என்னைப் பார்த்து இல்லை. எதிர்வீட்டைப் பார்த்து.

டிசம்பர் 5, வெள்ளி

அதே முறம். ஒரு படி தவிடு, தலைதட்டி அளந்தது. அமுதக்காவின் வாசற்படியில் வைத்தோம். அவருக்குப் பதிலாக அத்தையே ராமு என்று மூன்று முறை கூப்பிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தார். "முடிஞ்சிதுடி. அழுவாத."

டிசம்பர் 6, சனி

காலையில் வாசல் தெளிக்கப் போனேன். முறம் எங்கள் படியில் இருக்கிறது. தவிடு தலைதட்டியபடியே. கோழிகூடக் கொத்தவில்லை.

நரேஷ் தொடவில்லையாம். அத்தையைக் கேட்டேன். "நான் இன்னாத்துக்குடி அதத் தொடப் போறேன்?"

டிசம்பர் 9

மறுபடி வைத்தோம். மறுபடி வந்துவிட்டது.

டிசம்பர் 13, சனி

அமுதக்கா, இனி நோட்டுக்கு எழுதவில்லை. உங்களுக்குத்தான்.

இன்று அவன் நடந்தான். முதல் நடை. நான் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டி ராமு, ராமு என்று கூப்பிடுகிறேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட விழாமல் தெருவைத் தாண்டி, உங்கள் கதவின் முன்னால் போய் நின்றான். தட்டவில்லை. திறக்கும் என்று காத்திருந்தான்.

தூக்கிக்கொண்டு வந்தேன். அழவே இல்லை. என் தோளுக்கு மேலாக உங்கள் வீட்டுப் பக்கம் கையை ஆட்டினான்.

நாளைக்கு வயது நிறைகிறது. கேக்கில் ராமு என்றே எழுதச் சொல்லிவிட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலும் அதையே பதியப் போகிறோம், நரேஷும் சரி என்றுவிட்டார். நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும் அக்கா. பிள்ளையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இந்த நோட்டைத் தவிட்டின் மேல் வைத்து உங்கள் படியில் விட்டுவிட்டு வருகிறேன். பக்கத்திலேயே பேனாவும் இருக்கும்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.