நீ வைத்துக் கொடுத்த சத்தம்

உத்தமபாளையம்,
ஞாயிறு.

அன்பு மகன் பிரின்ஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். அயர்லாந்தில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு போ. காமயகவுண்டன்பட்டியில் உன் மாமா தோட்டத்துத் திராட்சை மழையில் வெடித்துப்போனது, நீ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

போன லீவில் வந்தபோது நம் முன்னறையில் நான் மனு அடித்துக் கொடுக்கிற கடைக் கம்ப்யூட்டரில் நீயே செய்த தமிழ்க் கீபோர்டைப் போட்டுவிட்டுப் போனாய். சேராத எழுத்தைத் தட்டினால் ஏற்காமல் டொங் என்று சத்தம் போடும், தப்பு உடனே தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாய். சிக்குன்குனியா வந்ததிலிருந்து என் விரல்கள் நடுங்குவதை உன் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. உன் சத்தம் கோர்ட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. வரிக்கு நாலு டொங். எத்தனையோ வருஷமாக என்னிடமே மனு அடித்து வாங்குகிற கோம்பை மொக்கைச்சாமி, "ஏண்ணே, மிசினு ஒங்கள வைஞ்சுக்கிட்டே இருக்கே" என்று சிரித்தார். அடுத்த தடவை, "எதுத்த கடையில வெரசா அடிச்சுக் குடுக்குறாகளாம், அங்கன பாத்துக்கிறேண்ணே" என்று போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள்.

தப்பைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி திரையில் ஒரு சிவப்புக் கோடு வரும்படி செய் என்றுதான் கேட்டேன். வால்யூமைக் குறைச்சுக்கங்கப்பா என்று ஒரு வரியில் பதில் போட்டாய். ஊருக்கெல்லாம் கீபோர்டு செய்கிறவனுக்கு அப்பனுக்கு ஒரு கோடு போட நேரமில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன். சத்தத்தை அடியோடு அடைத்துவிட்டேன். இப்போது எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு மனுவையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், வருகிற ஒன்றிரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இப்படியே போனால் கிறிஸ்துமஸோடு கடையை மூடிவிடுவேன்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து, சமைத்துக்கொண்டே உன் அம்மா அந்தக் கம்ப்யூட்டரில் உன் அழைப்பு மணி கேட்கிறதா என்று காது கொடுத்திருப்பாள். சில வாரமாக மணி இல்லை. நான் சத்தத்தை அடைத்ததால்தான் கேட்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் என்னைத் திட்டித் தீர்க்கிறாள். நான் தேடிப் பார்த்துவிட்டேன், நீ கூப்பிட்டதாக அதில் ஒன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. என்றைக்காவது அம்மாவிடம் பேசினால், கூப்பிட்டேன், நீங்கள்தான் எடுக்கவில்லை என்று மறக்காமல் சொல்.

உன் அப்பா,
செ. ஞானதுரை