பன்னிரண்டு கம்பியும் அக்காவின் கட்டைக் குரலும்

டெலிபோனில் எல்லோரும் "சார்" என்று கூப்பிட்ட என் அருமை அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கேயாவது உன்னை முதல் தடவையிலேயே பெண் என்று கண்டுகொண்டார்களா?

மில்லில் உன் டெலிபோன் போர்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கீச்சுக் குரல். போன வாரம் அவிநாசியிலிருந்து ஒரு பஞ்சு வியாபாரி கூப்பிட்டு, "ஏனுங்க, அந்த சார் லீவுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் விஷயத்தைச் சொன்னதும், "அட சாமி, போயிட்டாருங்களா! என்னது, அவரு அம்மணிங்களா?" என்றாராம். பாவம், நீ போன துக்கத்தையும் நீ பெண் என்ற அதிர்ச்சியையும் மனுஷன் ஒரே மூச்சில் தாங்க வேண்டியிருந்தது.

கிட்டார் சௌக்கியம். வழக்கம்போல ஒரு கம்பி சொல்வதை இன்னொரு கம்பி கேட்பதில்லை.

ராஜ வீதிக் கடையில் அதை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். நான் கேட்டது சாதாரண ஆறு கம்பி கிட்டார். விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் மூலையிலிருந்து இதைத் தூசி தட்டி எடுத்து, "பன்னெண்டு கம்பிங்க, அதை விட இது மலிவுங்க. கல்கத்தாவுலிருந்து தெரியாம வந்துருச்சுங்க" என்றார். கம்பி இரட்டிப்பு, விலை குறைவு! எனக்கு வாயெல்லாம் பல். நீதான் என் காதோரம், "கண்ணு, ஏன் இத்தன நாளா யாரும் வாங்கலீன்னு ஒரு வார்த்த கேட்டுப்போடு" என்றாய். நான் கேட்கவில்லை.

பதில் வீட்டில் கிடைத்தது. கம்பிகள் ஜோடி ஜோடியாக ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கடைசி ஜோடியைச் சேர்த்து வைப்பதற்குள் முதல் ஜோடி சண்டை போட்டுப் பிரிந்திருக்கும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். சோறு பிசைய முடியாமல் நான் ஸ்பூனில் சாப்பிட, அப்பா என்னை "வெள்ளைக்காரத் தொர" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஆனால் ஒன்று. அது சுருதி சேர்ந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம், ஒருவன் வாசித்தால் இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும். நம் சின்னக் குழுவைக் கல்யாண வரவேற்புகளுக்குக் கூப்பிட்டதே அந்தச் சத்தத்துக்காகத்தான்.

பாடகர் மோகனரங்கம் அண்ணனுக்கோ உச்சியில் பாடினால்தான் பாட்டு. நீ பின்வரிசையில் கோரஸ். உன்னிடம் அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. "அம்மணி, நீங்க வாய மட்டும் அசைச்சாப் போதுங்க. உங்களுது கட்டக் குரலு. ஸ்பீக்கரு தாங்காது." நீயும் சிரித்துக்கொண்டே வாயை மட்டும் அசைத்தாய். எப்படி அக்கா முடிந்தது?

பிறகு அந்தச் சத்தியமங்கலம் கல்யாணம். சித்திரை வெயில். மேடையேறும் முன் பார்க்கிறேன், கம்பிகளை அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு பசை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. நீ கல்யாணப் பத்திரிகையை அந்த இடுக்கில் நுழைத்தாய். பாதி உள்ளே போய்விட்டது.

"ரெண்டு கட்ட சுருதிய எறக்கிப்போடு கண்ணு. இல்லீன்னா இது மாப்பிள்ள மூஞ்சியிலயே தெறிச்சுப்போடும்."

இறக்கினேன். மோகனரங்கம் அண்ணன் பல்லவியை எடுத்தார். பாட்டு மேலே நின்ற வரை ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கியதும் உதடு மட்டும்தான் அசைந்தது. குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. "சுருதிய ஏத்துங்க தொரை!" என்று பல்லைக் கடித்தார். நான் ஒரு முறுக்கு முறுக்கினேன். கிட்டார் கிர்ரென்று முனகியது. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அப்ப நீங்களே பாடிக்குங்க" என்று துண்டை உதறிவிட்டு, அவர் நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெண்ணின் அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஏனுங்க, அவ்வளவுதானுங்களா பாட்டு? சம்பந்தி ஊட்டுக்காரங்க இப்பத்தானுங்க வந்து உக்காந்திருக்காங்க. என் மானம் போயிருமுங்க!"

கிட்டாரோடு பின்பக்கமாக ஓடிவிடலாமா என்று நான் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாய். மைக் செட்டுக்காரர், "பொம்பளைங்க பாடறதுக்கு ஏதாச்சும் மாத்தோணுங்களா?" என்றார். "ஒண்ணும் மாத்த வேண்டாங்க" என்றாய்.

அக்கா, ஒரே வீட்டில் வளர்ந்தும் உன் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். என் பன்னிரண்டு கம்பியும் மேலே சலசலத்துக்கொண்டிருக்க, நீ அடியில் ஆறு மாதிரி நிதானமாகப் போனாய். பந்தியிலிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். மோகனரங்கம் அண்ணனும் வந்தார், கையில் பாதி ஜிலேபியோடு.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா மாலையோடு வந்தார். சமையல் கட்டிலிருந்து கேட்டவர் போலிருக்கிறது. "பாடுன சாரு எங்கீங்க?"

"நாந்தானுங்க அந்த சாரு" என்றாய்.

அவருக்குக் கை கால் ஓடவில்லை. ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு எப்படி மாலை போடுவது? அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், கிட்டாருக்குப் போட்டுவிட்டார். டமார்! அத்தனை நேரம் பொறுத்திருந்த பிரிட்ஜ் அப்போதுதான் பிய்த்துக்கொண்டு எகிறியது. வெடி போடுகிறார்கள் என்று நினைத்துச் சம்பந்தி வீட்டார் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் நீதான் முன்வரிசை. அடுத்த கச்சேரிக்கு மோகனரங்கம் அண்ணன் தயங்கித் தயங்கி வந்து, "நான் பின்னாடி நின்னுக்கறனுங்க" என்றார். நீ அவரை வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை. உச்சி வரிகளையெல்லாம் அவருக்கே கொடுத்தாய்.

இப்போது ஒரு சேதி. உன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் வீட்டுக்கு வருகிறார். மாமாவுக்கும் தாளத்துக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா? "மாப்பிள்ள, பாட வேண்டாம். அவ பாட்டுக்கு நீ வாசிப்பியே, அத மட்டும் வாசி" என்கிறார். வாசிக்கிறேன். கண்ணை மூடிக் கேட்கிறார். நடுவில் எங்கேயோ விரலைத் தூக்கி, "இங்கதான் அவ பல்லவிய எடுப்பா" என்கிறார். எப்போதும் தப்பான இடம். முதல் வாரம் திருத்தப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். மாமா எந்த இடத்தில் விரலைத் தூக்குகிறாரோ, அந்த இடத்தில் நான் பல்லவிக்கு வந்துவிடுவேன். நீயும் அங்கேயே எடுத்துக்கொள், அக்கா.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வாசித்த தம்பி,
துரை