மந்திரியின் கண்ணில் விட்ட சொட்டு

பிப்ரவரி 9

இன்று மிருக ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் இருந்தவர்கள்: கண் டாக்டரம்மா, மயக்க மருந்து டாக்டர், என் மகன், மருமகள், நான், மேசைமேல் என் நாய் மந்திரி. நாளைக்கு யாராவது ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

மந்திரிக்கு வலது கண் போன வருஷமே போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். டாக்டரம்மா அதில் ஒரு சாயத்தைத் தொட்டுவைத்து, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தார். கருவிழி நடுவில் பச்சையாக ஒரு திட்டு மின்னியது.

“இது புண்ணு. சுத்தி எல்லாம் கரைஞ்சு கூழாகிட்டிருக்கு. சிவப்பைக் குறைக்க ஸ்டீராய்டு சொட்டு ஏதாவது விட்டீங்களா? புண்ணு இருக்கிற கண்ணுல அதை விடவே கூடாது.”

நான் மகனைப் பார்த்தேன். அவன் இதே ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். ஒடிந்த காலுக்குக் கம்பி வைப்பவன். தலைமைப் பதவி டாக்டரம்மாவுக்குப் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. போன வாரம் மந்திரி கண்ணைத் திறக்க மாட்டாமல் நின்றபோது, “இதுக்குப் போய் அவகிட்ட நிக்கணுமா? நானும் டாக்டர்தானேம்மா” என்று தன் பையிலிருந்து குப்பியை எடுத்தான். தலையை நான் பிடித்துக்கொண்டேன், அவன் விட்டான். நீலச் சட்டை. இரண்டாவது பொத்தான் அறுந்திருந்தது.

இன்று சொல்கிறான்: “அம்மாதான் ஏதோ விட்டிருக்காங்க. நான் வீட்டுல இல்லாத நேரம்.”

நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைப் பொய்யன் என்பதா? டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, “பரவால்ல பாட்டிம்மா, தெரியாமத்தானே செஞ்சீங்க” என்றார்.

பரவாயில்லையாம்!

பிப்ரவரி 10

இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான். எந்தக் கடையில் போய் ஸ்டீராய்டு கேட்டேனாம்?

பிப்ரவரி 11

ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் மந்திரியின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். “இதயத்துல சத்தம் சரியில்ல பாட்டிம்மா. தூங்க வெச்சா எழுப்பப் பாடுபடுவேன். ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன்.” நல்ல மனிதர். எழுப்பிவிட்டார்.

கண்ணின் வெள்ளைப் பக்கத்துத் தோலை இழுத்துப் புண்ணின்மேல் தைத்திருக்கிறார்களாம். பிடித்தால் கொஞ்சம் பார்வை மிஞ்சும். எந்தச் சொட்டு, எத்தனை நாள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. அப்போதாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். “குப்பியை எங்கேயோ தூக்கிப் போட்டுட்டாங்க” என்றான்.

என் வயிற்றிலா பிறந்தான்?

பிப்ரவரி 13

பாத்திரம் கழுவிக்கொண்டே மருமகள் சொன்னாள்: “நீங்க விடலைன்னு எனக்குத் தெரியும் அத்தை.”

“அங்க ஏண்டி வாயைத் திறக்கல?”

“அவர் வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?”

“மந்திரிக்கு மட்டும் வேலை இல்லையா? தெருவுல போறவன் வர்றவனை எல்லாம் பார்த்துக் குரைக்க வேண்டாமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. இவள்மேல் எனக்கு இருப்பது சில்லறைக் கோபம்.

பிப்ரவரி 14

தையல் விட்டுப் போச்சு.

பிப்ரவரி 16

கண்ணையே எடுத்துவிட்டார்கள். வலிக்கு அதுதான் வழியாம். கூட்டி வந்து கூடத்தில் விட்டால், சுவரைப் பார்த்து நிற்கிறது. வாலை ஆட்டுகிறது, சுவருக்கு. கடவுளே.

பிப்ரவரி 21

மகன் என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான். “உங்களுக்கு என்னம்மா போச்சு? பாட்டி தெரியாம செஞ்சாங்கன்னு ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. நான் செஞ்சேன்னா ஆயுசுக்கும் பேசுவாங்க.”

“டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை உண்மையைச் சொல்லுடா. இந்தப் பேச்சை நான் அதோட விட்டுடறேன்.”

“சொல்றேம்மா. கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்தேன்.

மார்ச் 3

மகனுக்கு ஏதோ வேலையாம். மருமகளோடு மந்திரியைத் தையல் பிரிக்கக் கொண்டுபோனேன். கதவுக்கு வெளியே புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் இருக்கும் சொட்டை நாய்க்கு விடாதீர்கள் என்று நாய்ப் படத்தோடு இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி முடித்தேன். தேள் கொட்டியதுபோல இருந்தது.

உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். குப்பி வந்த பை, நீலச் சட்டை, அறுந்த பொத்தான், அவன் சொன்ன சொல் — ஒன்று விடாமல். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்க மகன் சொல்லியிருக்கார் பாட்டிம்மா. இப்பல்லாம் உங்களுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.”

எனக்கு. ஞாபகம். தடுமாறுகிறதாம்.

மந்திரியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். இனி யாரிடம் எதைச் சொன்னாலும் அது கிழவியின் உளறல்தான்.

டாக்டரம்மா மேல் வருத்தம் இல்லை, காதில் விழுந்ததை நம்பினார். தரையைப் பார்த்து நின்றவளும் பாவம், அவனோடு அவள் குடித்தனம் நடத்த வேண்டும். நான் மன்னிக்க முடியாதவர் ஒருவர்தான்: அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர்.